அடுத்து யாரை வாசிப்பது?



வன்னிப் பகுதியிலுள்ள பாடசாலையொன்றில் நான் அதிபராகப் பொறுப்பேற்ற முதலாண்டில், உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் என் அலுவலக வாயிலில் வந்து நின்றான். கையிலே 'பொன்னியின் செல்வன்' ஐந்தாம் பாகம். ஐந்து பாகங்களையும் ஒரு தவணைக்குள் வாசித்து முடித்திருந்தான். 'சிவகாமியின் சபதம்', 'பார்த்திபன் கனவு' ஆகியவை அதற்கு முன்னரே முடிந்துவிட்டன. புத்தகத்தை மேசைமீது வைத்துவிட்டு, "சேர், இனி வாசிக்க ஒன்றுமில்லை" என்றான். பெருமையாகச் சொல்லவில்லை. திருவிழா முடிந்து கொடியிறக்கிய மறுநாட் காலையிலே கோயில் வீதியைப் பார்ப்பவனுடைய முகம் அவனுக்கு இருந்தது.

அன்று நான் செய்த காரியத்தை நினைத்து இன்றும் வெட்குகின்றேன். என் சொந்தப் பிரதியாகிய மௌனியின் கதைத்தொகுதியை வீட்டிலிருந்து கொணர்ந்து அவனிடம் கொடுத்தேன். கல்கியை முடித்தவன் அடுத்த படியில் ஏறவேண்டும் என்பது என் எண்ணம். மௌனி தமிழ்ச் சிறுகதையாசிரியருள் மிக உயர்ந்தவர்களில் ஒருவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், வந்தியத்தேவனோடு குதிரையேறிச் சோழநாடெங்கும் சுற்றிவந்த பதினேழு வயதுப் பையனை, கதை நிகழ்வதே தெரியாத ஓர் அகவுலகினுள்ளே நான் தனியே விட்டுவிட்டேன். அதன்பின் அவன் என் அலுவலகத்தைக் கடக்க நேர்ந்தால் வேறு பாதையாற் போனான். பாடசாலை நூலகப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். பத்து மாதங்கள் அவன் பெயரில் ஒரு புத்தகமும் பதியப்படவில்லை.

வாசிக்கத் தெரியாதவரை வாசிக்கச் செய்வதைப் பற்றிப் பலர் பேசியிருக்கின்றனர். நன்றாக வாசித்துக்கொண்டிருந்த ஒருவர், விருப்பமான ஆசிரியரின் நூல்கள் முடிந்த இடத்தில் வாசிப்பையே கைவிட்டுவிடுவதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. எனது முப்பதாண்டு ஆசிரியத் தொழிலிலே இவ்விரண்டாவது கூட்டத்தினரையே நான் அதிகமாகக் கண்டிருக்கின்றேன். பிடித்த ஓர் ஆசிரியரிடமிருந்து இன்னும் அறியாத மற்றோர் ஆசிரியரிடம் செல்வது எவ்வாறு என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விடயம்.

"கல்கியைப் போல் எழுதுபவர் யார்?" என்றுதான் எல்லோரும் முதலிற் கேட்கின்றனர். இக்கேள்விக்கு விடை எளிது. சாண்டில்யன் இருக்கின்றார். 'பொன்னியின் செல்வ'னின் தொடர்ச்சியாக 'நந்திபுரத்து நாயகி'யை எழுதிய விக்கிரமன் இருக்கின்றார். இவர்களிடம் செல்வதிலே தவறில்லை, நானும் சென்றவனே. ஆனால் போலிருப்பவரைத் தேடிப் போகின்றவன் பெரும்பாலும் முன்னவரோடு பின்னவரை ஒப்பிட்டு ஒப்பிட்டே சலித்துப் போகின்றான். இந்நாளில் நூல் விற்கும் இணையக் கடைகளும் இதே முறையைத்தான் பின்பற்றுகின்றன. இந்நூலை வாங்கியோர் வேறெவற்றை வாங்கினர் என்று அவை பட்டியல் காட்டுகின்றன. வாங்கியவர் பிடித்து வாங்கினாரா, பரீட்சைக்காக வாங்கினாரா என்பது பட்டியலுக்குத் தெரியாது.

கேட்கவேண்டிய கேள்வி வேறு. "இவரிடம் உனக்குப் பிடித்தது எது?" என்பதே அது. ஒரே கல்கியைப் பத்துப் பேர் பத்துக் காரணங்களுக்காக விரும்புகின்றனர். சோழர் வரலாறே ஒருவனை ஈர்த்ததாயின், அவன் அடுத்துச் செல்ல வேண்டியது மற்றொரு நாவலாசிரியரிடமன்று. நீலகண்ட சாஸ்திரியாரும் சதாசிவ பண்டாரத்தாரும் எழுதிய சோழர் வரலாறுகளை அவன் கையில் எடுக்கலாம். அங்கே கல்வெட்டிலிருந்து ஆதித்த கரிகாலன் எழுந்து வருவதைக் காண்பது நாவலுக்குக் குறைந்த சுவையுடையதன்று. கதையின் வேகமும் சூழ்ச்சியும் பிடித்திருந்தால் ஸ்கொட்டும் தூமாவும் இருக்கின்றனர். நகைச்சுவை பிடித்திருந்தால் ஆனந்த விகடனில் 'துப்பறியும் சாம்பு'வை எழுதிய தேவனிடம் செல்லலாம். ஆடலும் பாடலும் வரும் இடங்களில் மனம் தங்கியதா? 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் கல்கியே எழுதிய இசை விமரிசனங்களைத் தேடுக. கல்கியின் நண்பர் குழாத்தினுள் நுழைந்தால் ரசிகமணி டி.கே.சி. நிற்கின்றார். அவரோ உங்களைக் கையைப் பிடித்து நேரே கம்பனிடம் அழைத்துச் சென்றுவிடுவார்.

இக்கேள்வியை என் மாணவனிடம் நான் கேட்டது, முன்னர் கூறிய பத்து மாதங்களின் பின்னரேயாகும். மழைக்காலத்தில் ஒருநாள் பஸ் வராமையால் இருவரும் ஒரே தரிப்பிடத்தில் ஒதுங்க நேர்ந்தது. தப்பியோட அவனுக்கு வழியில்லை. வரலாறும் சூழ்ச்சியும் அவன் விடையாக வரவில்லை. கதையின் தொடக்கத்திலே, ஆடிப் பெருக்கு நாளில், வீரநாராயண ஏரிக்கரையின்மீது வந்தியத்தேவன் வருகின்றானே, அந்த இடத்தை மட்டும் நாலைந்து தடவை வாசித்ததாகச் சொன்னான். குளக்கட்டின்கீழ் வயல் செய்கின்ற குடும்பத்துப் பிள்ளை அவன். நிறைந்த நீரும், மதகும், கட்டின்மேல் நடக்கின்ற மனிதரும் அவனுடைய உலகம். அவ்வுலகம் அச்சில் வந்ததை அவன் முதன்முதலிற் கண்டது கல்கியிடத்திலேதான்.

மறுநாளே அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி'யை நூலகத்திலிருந்து எடுத்துக் கொடுத்தேன். 1973ஆம் ஆண்டில் வீரகேசரிப் பிரசுரமாக வெளிவந்த அந்நாவல், வன்னியிலே தண்ணிமுறிப்புக் குளத்தை அண்டிய காட்டுக் கிராமத்தின் கதை. வந்தியத்தேவனுமில்லை, பழுவேட்டரையருமில்லை. கல்கியைப் போல எழுதுபவர் யாரெனக் கேட்டிருந்தால் எவரும் பாலமனோகரனின் பெயரைச் சொல்லியிரார். மூன்றாம் நாள் புத்தகம் திரும்பி வந்தது. "இவர் எங்கள் பக்கத்து ஆளோ?" என்பது அவன் கேட்ட கேள்வி. அதன்பின் செங்கை ஆழியானின் 'காட்டாறு', நெடுந்தீவைக் களமாகக் கொண்ட 'வாடைக்காற்று' என்று தானாகவே தேடிப் போகத் தொடங்கினான்.

ஆசிரியர் தாமே வழிகாட்டுகின்ற முறையொன்றும் உண்டு. தமது முன்னோர் எவர், தாம் எவரை வாசித்து வளர்ந்தார் என்பதை ஒவ்வோர் எழுத்தாளரும் எங்கேனும் ஓரிடத்திற் சொல்லியே இருப்பார். முன்னுரையிற் சொல்லுவார், கட்டுரையிற் சொல்லுவார், சில வேளைகளில் பாத்திரத்தின் வாயிலாகச் சொல்லுவார். மு. வரதராசனாரின் நாவல்களை விரும்பி வாசிப்போர், அவரே திரு.வி.க., தாகூர், காந்தியடிகள், பெர்னாட் ஷா ஆகியோரைப்பற்றித் தனித்தனி நூல்கள் எழுதியிருப்பதைக் கவனிப்பதில்லை. தமக்குப் பிடித்தவர்களின் பெயரை அவர் நமக்கு எழுதியே தந்திருக்கின்றார். முன்னுரையைத் தாண்டிச் செல்லும் பழக்கமுடையவர்கள் எத்தனை அறிமுகங்களை இழக்கின்றனர்!

இதற்குத் தமிழிலே மிகப் பெரிய சான்று டாக்டர் உ.வே. சாமிநாதையருடைய வாழ்க்கையாகும். 1880ஆம் ஆண்டு. அவர் கும்பகோணம் கல்லூரியிலே தமிழ்ப் பண்டிதர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளையிடம் பாடங்கேட்டவர், அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், உலாக்கள் என்று கணக்கின்றிக் கற்றவர். அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். முதலியார் அவர் படித்தவற்றைக் கேட்டார். ஐயரும் நீண்ட பட்டியலொன்றைச் சொன்னார். முதலியார் வியப்படையவில்லை. இவற்றாலெல்லாம் என்ன பயன் என்ற பொருளிற் பேசிவிட்டு, சிந்தாமணியும் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் படித்ததுண்டா என வினவினார். இல்லை என்று சொல்ல நேர்ந்தது. தமிழையே தொழிலாகக் கொண்டவருக்கு அது எத்துணை வருத்தத்தைத் தந்திருக்கும்!

முதலியார் வெறுங்கேள்வியோடு விட்டுவிடவில்லை, சிந்தாமணிப் பிரதியையும் கொடுத்தார். ஐயர் வாசிக்கத் தொடங்கினார். நூல் எளிதில் விளங்கவில்லை. நச்சினார்க்கினியர் உரையைத் துணையாகக் கொண்டார். அவ்வுரையாசிரியர் இடையிடையே வேறு நூல்களிலிருந்து அடிகளை மேற்கோளாக எடுத்துக் காட்டுகின்றார். பல இடங்களில் அவை எந்நூலைச் சேர்ந்தவையென்று பெயர்கூடச் சொல்வதில்லை. வேறொருவராயின் அவற்றைத் தாண்டிப் போயிருப்பார். ஐயரோ அவற்றின் ஊர்பேர் அறியாமல் உறங்க மாட்டாதவர். ஏட்டுச் சுவடிகளைத் தேடிப் புரட்டுகையில், பழக்கமான மேற்கோளடி ஒன்று அதன் சொந்த வீட்டிலேயே, பத்துப்பாட்டினுள்ளே, இருப்பதைக் கண்டார். பொருள் விளங்காத சமணச் செய்திகளுக்கோ, கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களின் வீடுகளுக்கே சென்று கேட்டார். சிந்தாமணி 1887இலும், பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் அச்சேறின. ஒரு நூலின் உரை மற்றொரு நூலைக் காட்ட, அது பின்னொன்றைக் காட்ட, ஒரு வாசகர் கைவிரல் பிடித்துச் சென்ற வழி அது. நம் சிறுப்பிட்டி சி.வை. தாமோதரம்பிள்ளையும் அதே காலத்தில், 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்து, அவ்வழியிலே நடந்துகொண்டிருந்தார் என்பதை நாம் மறக்கலாகாது.

நமக்கு ஏடு தேடும் வேலையில்லை. 'என் சரித்திரம்' என்ற நூலில் இவ்வரலாற்றை ஐயரே எழுதியிருக்கின்றார். 1940இல் அது ஆனந்த விகடனில் தொடராக வெளிவரத் தொடங்கியபோது அங்கே கல்கியும் இருந்தார். கல்கியின் வாசகனுக்கு இதுவும் பக்கத்து வீட்டு வாசல்தான்.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது நான் சிறுவன். ஏறத்தாழ 97,000 நூல்கள் அங்கே சாம்பலாயின. எங்கள் தலைமுறை பெரும்பாலும் வாசிகசாலைகளிலும் பழம்புத்தகங்களிலும் வளர்ந்தது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் முடிவில் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது, தென்மராட்சியில் ஒரு வீட்டுத் திண்ணையில் எங்கள் குடும்பத்துக்கு இடம் கிடைத்தது. அவ்வீட்டு நெல் மூடைகளின் அருகே முன்னட்டையும் பின்னட்டையும் இல்லாத சிறுகதைப் புத்தகம் ஒன்று கிடந்தது. முதல் இருபது பக்கங்களும் இல்லை. அதனை நான் மூன்று முறை வாசித்தேன். உரத்த சொல் ஒன்றில்லை. கணவனும் மனைவியும் சில வார்த்தைகள் பேசிக்கொள்வார்கள், கதை முடிந்துவிடும். ஆனால் மனம் அங்கேயே நிற்கும். எழுதியவர் பெயர் தெரியாது. பெயர் தெரியாதவரின் அடுத்த நூலை எப்படித் தேடுவது?

அதே வீட்டில் தங்கியிருந்த இளைப்பாறிய தபாலதிபர் ஒருவரிடம் கேட்டேன். கண்ணிற் படலம் விழுந்து அவரால் வாசிக்க இயலாது. "தம்பி, ஒரு பக்கத்தை வாசியும் பார்ப்போம்" என்றார். அரைப் பக்கம் வாசித்திருப்பேன். "இது கு.ப.ரா. அல்லவோ! கும்பகோணத்து ராஜகோபாலன்" என்று சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு எனக்கு ஒரு புதிர் போட்டார். "இவருக்குக் கரிச்சான் என்று ஒரு புனைபெயர் உண்டு. இவரிடம் பற்றுக்கொண்ட இளைஞர் ஒருவர் தமக்கு என்ன பெயர் வைத்திருப்பார், சொல்லும்?" எனக்குத் தெரியவில்லை. "கரிச்சான் குஞ்சு" என்று சொல்லிச் சிரித்தார். ஷெல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த அந்நாட்களில் அவர் சிரித்ததை நான் கண்டது அன்று மட்டுமே.

கு.ப.ரா. 1944இல், நாற்பத்திரண்டாம் வயதிற் காலமானவர். அவர் எழுதியவை அளவாற் குறைவு. ஆனால் அவரை விரும்பியவனுக்கு அவரோடு வழி அடைபடுவதில்லை. கரிச்சான் குஞ்சு 'பசித்த மானிடம்' எழுதினார். கு.ப.ரா.வைத் தம் குருவாக மதித்த தி. ஜானகிராமன் 'மோகமுள்'ளையும் 'அம்மா வந்தா'ளையும் எழுதினார். எம்.வி. வெங்கட்ராம் என்ற மற்றொருவரும் அதே ஊரவர். கும்பகோணத்துத் தெருவொன்றில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டியவனுக்கு நான்கு வீடுகளின் கதவுகள் திறந்தாற் போன்றது அது. இப்பெயர்களையெல்லாம் கொப்பியொன்றிற் குறித்துவைத்து, நிலைமை சற்றுச் சீரான பின், ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிக்க எனக்கு ஏழெட்டு ஆண்டுகள் சென்றன.

இவர்களுட் பலரை ஒன்றுசேர்த்தது ஒரு சஞ்சிகை என்பதையும் கவனியுங்கள். 1933இல் தொடங்கிய 'மணிக்கொடி' அது. ஒருவரின் கதை உங்களுக்குப் பிடித்ததாயின், அக்கதை முதலில் எந்தச் சஞ்சிகையில் வந்தது என்று பாருங்கள். அச்சஞ்சிகையில் அவருக்கு முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் எழுதியவர்கள் யார் என்று பாருங்கள். ஒரே பத்திராதிபரின் சுவைக்குத் தப்பி வந்தவர்கள் அவர்கள். மணிக்கொடியிலே புதுமைப்பித்தனைத் தொடர்ந்து சென்றால் மௌனியைக் காண்பீர்கள். மௌனியைத் திருமூலருக்கு ஒப்பிட்டுப் பாராட்டியவரே புதுமைப்பித்தன்தான். அக்கூட்டத்தைச் சேர்ந்த சி.சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' என்ற சஞ்சிகையைத் தொடங்கினார். அதற்குத் திருகோணமலையிலிருந்து இருபது வயதளவிலேயே கவிதையும் விமரிசனமும் அனுப்பிய ஓர் இளைஞர், பின்னர் மௌனியின் கதைத்தொகுதிக்கு முன்னுரை எழுதினார். பிரமிள் என்று பிற்காலத்தில் அறியப்பட்ட தருமு சிவராமுவே அவர். நெல்லைச் சீமைக்காரராகிய புதுமைப்பித்தனிடம் புறப்பட்ட வாசகன், நான்கு அடி வைப்பதற்குள் நமது திருகோணமலைக் கடற்கரையில் வந்து நிற்கின்றான்.

நமது நாட்டுச் சஞ்சிகைகளும் இத்தகையனவே. ஈழகேசரியைத் தொடர்ந்தால் இலங்கையர்கோன், சம்பந்தன், வைத்திலிங்கம் ஆகிய மூவரும் சேர்ந்து வருவர். இவர்களுள் இலங்கையர்கோன் வானொலி நாடகங்களும் எழுதியவர் என்பதை நேயர்களுக்கு நினைவூட்டுகின்றேன். 1946இல் தோன்றிய 'மறுமலர்ச்சி'யைத் தொடர்ந்தால் வரதரும் அ.செ. முருகானந்தனும் மஹாகவியும் வருவர். 1966இல் டொமினிக் ஜீவா தொடங்கிய 'மல்லிகை' இதிலே இன்னும் தாராளமானது. எழுத்தாளர் அல்லது கலைஞர் ஒருவரின் உருவப்படத்தை அட்டையிலிட்டு, உள்ளே அவரைப்பற்றிக் கட்டுரையும் வெளியிட்டு வந்தது. மலையகத்துத் தெளிவத்தை ஜோசப்பிடம் உள்ளம் பறிகொடுத்தவர், 'ஒரு கூடைக் கொழுந்'தின் ஆசிரியர் என்.எஸ்.எம். இராமையாவை அறியாமல் இருக்க வேண்டியதில்லை. பழைய இதழ்கள் எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். 2005ஆம் ஆண்டு முதல் 'நூலகம்' என்ற பெயரில் இணையத்திலே இயங்கிவரும் எண்ணிம நூலகத்தில், மறுமலர்ச்சி, மல்லிகை இதழ்கள் பலவற்றைக் கட்டணமின்றி வாசிக்கலாம். 1995இல் எனக்கு ஒரு தபாலதிபரும் ஏழெட்டு ஆண்டுகளும் தேவைப்பட்ட காரியம், இன்று என் மாணவருக்கு ஒரு மாலைப்பொழுதில் முடிகின்றது. சிறிது பொறாமையோடுதான் இதைச் சொல்லுகின்றேன்.

மொழிபெயர்ப்பாளரின் பெயரை வாசிக்கும் பழக்கம் நம்மிடையே இல்லை. மராத்தியிலிருந்து காண்டேகரைத் தமிழுக்குக் கொணர்ந்தவர் கா.ஸ்ரீ.ஸ்ரீ. முல்க் ராஜ் ஆனந்தின் 'தீண்டாதா'னையும் சீனத்து லூ சுன்னின் கதைகளையும் தமிழாக்கியவர் கண்டியைச் சேர்ந்த கே. கணேஷ். மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'கம்பெரலிய'வைக் 'கிராமப் பிறழ்வு' என்ற பெயரில் நமக்குத் தந்தவர் எம்.எம். உவைஸ். நல்ல மொழிபெயர்ப்பாளர் தமக்குப் பிடிக்காத ஒரு நூலுக்காக இரண்டு வருடம் உட்கார மாட்டார். ஒருவருடைய மொழிபெயர்ப்பு உங்களுக்குப் பிடித்திருந்தால், அவர் வேறெவற்றை மொழிபெயர்த்தார் என்று பார்ப்பது பயனுடையது.

நட்பைத் தொடர்வது போலவே பிணக்கையும் தொடரலாம். டானியலையும் ஜீவாவையும் விரும்பி வாசிக்கின்ற சிலர் எஸ். பொன்னுத்துரையின் பக்கமே திரும்புவதில்லை. முற்போக்கு அணியிலிருந்து பிரிந்து 'நற்போக்கு' என்று வேறு கொள்கை பேசியவர் அவர் என்பதே காரணம். பொன்னுத்துரையின் அன்பர்களோ மறுபக்கம் பார்ப்பதில்லை. மிகுந்த ஆத்திரத்தோடு ஒருவரோடொருவர் வாதிட்டவர்கள் பெரும்பாலும் ஒரே விடயத்தைப் பற்றியே கவலை கொண்டவர்கள். இரு பக்கத்தையும் வாசித்த பின்பே எனக்கு இரு பக்கமும் விளங்கின.

புதியவர் ஒருவரிடம் செல்லும்போது அவரது மிகப் பெரிய நூலிலே தொடங்காதிருத்தல் நன்று. ஒரு சிறுகதையோடு தொடங்கலாம். பிடிக்காவிட்டால் ஓராண்டு கழித்து மீண்டும் பார்க்கலாம். நூலாசிரியர் மாறாவிட்டாலும் வாசிப்பவர் மாறிவிடுகின்றார்.

என் மாணவன் இப்போது பேராதனையிலே படிக்கின்றான். சென்ற விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்தான். 'நிலக்கிளி'யிலிருந்து 'கிராமப் பிறழ்'வுக்குப் போய், அங்கிருந்து லெனாட் வூல்ஃப் 1913இல் ஆங்கிலத்தில் எழுதிய காட்டுக் கிராமக் கதைக்கும் போயிருக்கின்றான். இங்கே சிவில் சேவையில் இருந்த வெள்ளைக்காரர் ஒருவருக்கு, சேனை வெட்டிப் பிழைக்கும் சிங்களக் குடியானவரின் பசி எப்படித் தெரிந்தது என்று என்னிடம் ஒரு மணி நேரம் வாதிட்டான். எனக்குத் தெரியாத இரண்டு ஆசிரியர்களின் பெயரையும் சொன்னான். என் பழைய கொப்பியிலே அவற்றை எழுதிக்கொண்டேன். புறப்படும் வேளையில், மௌனியின் புத்தகம் என்னவாயிற்று என்று கேட்டேன். விடுதி அறையில் இருக்கின்றதாம். முதற் கதையை இரண்டு முறை வாசித்துவிட்டானாம்.

"இன்னும் பிடிபடவில்லை, சேர். கொஞ்சநாள் வைத்திருக்கிறேனே" என்றான்.